செத்தவீடுகள் கூடிவிட்டனவா?

"முந்தி சனிக்கிழமை என்றால் பிறந்தநாள் விழா. இப்ப ஒரே செத்தவீடு. டொக்டர், இந்த நாட்டுக் குளிரும் சாப்பாடும் எங்கட சனத்தைக் கொல்லுதோ?"

இப்படிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். 1980களில் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியவர்களில் பெரும்பாலானோர் இருபது, முப்பது வயதினர். அந்த வயதில் மரணம் குறைவு. இன்று அதே ஆட்களுக்கு அறுபது, எழுபது. வயதைப் பார்க்காமல் மரணங்களை மட்டும் எண்ணினால் பயம்தான் வரும்.

இந்தப் பிழையைப் பெரிய ஆட்களும் விட்டிருக்கிறார்கள். எட்வின் சட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கையில், இறந்தவர்களின் சராசரி வயதைக் கொண்டு ஊர்களை ஒப்பிட்டார். மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் அது 17, ரட்லண்ட் என்ற கிராமப்புற மாவட்டத்தில் 38. கழிவு வாய்க்கால்கள் மக்களைக் கொல்கின்றன என்று அவர் சொன்னது சரி. அளவுகோல்தான் பிழை. குழந்தைகள் அதிகமுள்ள ஊரில் இறப்பவர்களிலும் குழந்தைகள் அதிகம். அதனாலேயே சராசரி இறங்கிவிடும்.

காப்புறுதிக் கணக்காளரான நீசன் 1844இல் லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தில் இதை எடுத்துக்காட்டினார். ஓர் ஊரில் ஒவ்வொரு வயதினரும் இறக்கும் வீதத்தை எடுத்து, மற்ற ஊரின் மக்கள் வயதுவாரியாக எத்தனை பேர் என்பதோடு பொருத்திக் கணித்தார். வயதைச் சமப்படுத்திய பிறகே ஒப்பீடு.

இன்றும் அடிப்படை அதுதான். நாட்டு மக்களின் வயதுவாரி வீதப்படி ஒரு குழுவில் 20 பேர் இறந்திருக்க வேண்டும், உண்மையில் இறந்தவர்கள் 30 பேர் என்றால் விகிதம் 150. நூறைத் தாண்டினால் ஏதோ காரணம் இருக்கக்கூடும்.

இனித்தான் கசப்பான விஷயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியேறியவர்களின் மரணங்களை மைக்கல் மார்மட் குழுவினர் இந்த வழியில் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தவர்களிடையே மாரடைப்பு போன்ற இதய நோய் மரணங்கள், வயதைச் சமப்படுத்திய பின்னும் கூடுதலாகவே இருந்தன. செத்தவீடுகள் கூடியதற்கு வயது ஒரு காரணம், ஆனால் இதற்கு வயதைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

குளிரைத் திட்டுகிறவர்களிடம், "கடைசியாக எப்போது பிரஷரும் சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்! இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, ஏற்கனவே இந்த வருத்தங்கள் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. அந்தக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.