பவுனை உருக்கும் முன்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு சிறிய நகைக்கடை. கண்ணாடி மேஜைமேல் அத்தையின் காசுமாலை சுருண்டு கிடந்தது. கடைக்காரர் தராசில் போட்டார், உரைகல்லில் ஒரு காசை இழுத்துப் பார்த்தார். பேத்தி கல்யாணத்துக்கு அதை அழித்து நெக்லஸ் செய்வதாகத் திட்டம். "ஒரு நிமிஷம் இருங்க அத்தை" என்று சொல்லி, கடைக்காரரிடமே லென்ஸை வாங்கி ஒரு காசைத் திருப்பிப் பார்த்தேன்.

குதிரைமேல் ஒரு வீரர், கையில் வாள், குதிரையின் காலடியில் வீழ்ந்து கிடக்கும் பறவைநாகம். இத்தாலியரான பெனிடெட்டோ பிஸ்ட்ரூச்சி 1817-இல் பிரிட்டிஷ் சவரனுக்காகச் செதுக்கிய புனித ஜார்ஜ். நம் கோட்டைக்குப் பெயர் கொடுத்த அதே ஜார்ஜ்தான். கீழே 1913 என்று ஆண்டு. அதற்கு நேர் மேலே, குதிரை நிற்கும் தரையில், எறும்புத் தலை அளவுக்கு ஓர் எழுத்து: 'பி'. அடுத்த காசில் 'எம்'. அதற்கடுத்ததில் எழுத்தே இல்லை. 'பி' என்றால் ஆஸ்திரேலியாவின் பெர்த், 'எம்' என்றால் மெல்போர்ன். எழுத்து இல்லாதது லண்டன். மூன்று காசுகளுக்குள் இரண்டு கண்டம்!

உலக நாணயம் சேர்ப்பது என்றால் ஆல்பமும் பிளாஸ்டிக் உறையுமாக உட்கார்ந்திருக்கும் ஆண்களின் பொழுதுபோக்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் பாட்டிகள் அதைக் கழுத்திலேயே செய்து முடித்திருக்கிறார்கள்.

"பவுன் பதினஞ்சு ரூபா வித்த காலம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பழங்காலத்து மலிவைச் சொல்லும் பேச்சு என்றே நானும் நினைத்திருந்தேன். அது சட்டம் வகுத்த கணக்கு. 1899-இல் பிரிட்டிஷ் சவரன் இந்தியாவிலும் செல்லுபடியாகும் பணமானது. ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய் என்று விகிதமும் நின்றது. இங்கிருந்து பருத்தியும் தோலும் கப்பலேற, பதிலுக்கு வந்த பவுன்களில் ஆஸ்திரேலிய நாணயச்சாலைகளில் அடித்தவையும் நிறைய. வந்தவற்றில் பல சந்தையில் சுற்றவில்லை. தட்டாரிடம் போய் வளையம் பற்றவைத்துக்கொண்டு மாலையில் ஏறின.

லென்ஸில் 'ஐ' என்ற எழுத்து தெரிந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அது பம்பாய். முதல் உலகப்போரில் கடல்வழி ஆபத்தானபோது லண்டன் நாணயச்சாலை பம்பாயில் ஒரு கிளை திறந்து சவரன் அடித்தது. எல்லாவற்றிலும் 1918 என்ற ஒரே ஆண்டுதான். மொத்தம் சுமார் 13 லட்சம் காசு. பவுனுக்கு ஈடாகப் பதினைந்து ரூபாய்த் தங்க மொகரும் அதே ஆண்டு அங்கே அடிக்கப்பட்டது.

பவுனுக்கும் முன்னால் வெனிஸ் நகரத்து டியூக்கட் இங்கே வந்திருக்கிறது. 1284-இல் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உருவம் மாறாமல் அடித்த காசு அது. மூன்றரை கிராம், கிட்டத்தட்ட கலப்பில்லாத தங்கம். அதில் நகரத் தலைவர் மண்டியிட்டு, புனித மாற்குவிடம் கொடிக்கம்பத்தை வாங்குவார். நம்மவர்கள் கண்ணுக்கு அந்தக் கம்பம் பனைமரமாகத் தெரிந்தது. பனையேறுகிறவர் பெயரையே காசுக்கு வைத்துவிட்டார்கள். போர்த்துக்கீசியர் கோவாவில் புனித தோமாவின் உருவத்தோடு ஒரு தங்கக்காசு அடித்தார்கள். அதற்குப் பெயர் 'சான் தோமே'. சாந்தோம் கடற்கரையில் நடக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்னும் பின்னால் போனால் ரோம். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். மறுபடி பணமாகப் புழங்கக் கூடாது என்பதற்காக இருக்கலாம். பல காசுகள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் சிலவற்றில் பேரரசர் தலைக்கு மேலே இரண்டு துளைகள் இருக்கும், நூல் கோத்துத் தொங்கவிட. ஆக, காசைக் கழுத்தில் போடும் வழக்கம் நேற்று வந்ததல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வெண்கல நடராஜரோடு திரும்பிவிடாமல் நாணயங்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

மாட வீதிக்கு வருவோம். கடைக்காரர்மேல் தவறில்லை; அவருக்கு அது 22 கேரட் தங்கம். சவரனின் மாற்று இன்றைய 916 முத்திரை நகையின் மாற்றுதான். எடையில் மட்டும் நூல் வித்தியாசம்: இன்று கடையில் ஒரு சவரன் முழு 8 கிராம், அசல் காசு 7.99 கிராமுக்கும் சற்றுக் குறைவு. தி. நகர் உஸ்மான் சாலையில் 'பழைய நகைக்குப் புது நகை' என்ற அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ராணி விக்டோரியாவும் ராஜாக்களும் ஒரே மூசையில் இறங்கி, பத்து நிமிடத்தில் முகமில்லாத கட்டியாகிவிடுவார்கள். எங்கள் வீட்டிலேயே முன்பொரு முறை பெரியம்மாவின் மாலை அப்படிப் போயிற்று. அதில் என்னென்ன இருந்தன என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை தர மாட்டார்கள், அது உண்மை. ஓரத்தில் சூடு பட்டிருக்கும், உரசி உரசி ராஜாவின் தாடி மழுங்கியிருக்கும். ஆனாலும் அரிய ஆண்டுக் காசுக்குத் தங்க விலைக்குமேல் கிடைக்கலாம். அழிக்கும் முன் ஒவ்வொரு காசின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ஆண்டையும் எழுத்தையும் குறித்துக்கொள்ள அரை மணி நேரம் போதும். நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள் சட்டத்தில் வரும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

அத்தை லென்ஸை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், ஒவ்வொரு காசாகத் திருப்பினாள். இருபத்தொரு காசு. கடைக்காரர் காபி சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"இத்தனை வருஷமா மஞ்சள் தேய்ச்சுக் கழுவியிருக்கேன், எழுத்து இருக்குன்னு தெரியலையே" என்றாள். பிறகு மாலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நெக்லஸுக்கு வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.