அரசியலமைப்பு அமைச்சரும் வாக்கற்ற மலையகமும்



எல்லை என்றால் என்னவென்று திருவாலங்காட்டில் கூடியிருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு நகர்ந்தது, எவருடைய வாக்கும் பறிபோகவில்லை. இலங்கை மலையகத்தில் நடந்ததோ வேறு.

தமிழ் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் போனது. சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாது என்றது. ஆனால் 1953-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அப்பிரிவை அவர்களுக்குத் துணையாக்க மறுத்தது.

1970-இல் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டக் கைத்தொழில், அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். 1948 சட்டத்தை எதிர்த்த இடதுசாரி அவர். தோட்டமும் அரசியலமைப்பும் ஒரே கையில் வந்தன. தோட்டத்து மக்களில் பெரும்பாலோரிடம் வாக்குச்சீட்டு மட்டும் இல்லை.

அவர் முன்னின்று உருவாக்கிய அரசியலமைப்பு 1972 மே 22-இல் நடைமுறைக்கு வந்தது. நாடு குடியரசானது. பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் ஆட்சிமொழி என்று எழுதப்பட்டது. 29(2) நீங்கியது. அடிப்படை உரிமைகள் சேர்ந்தன. அவற்றில் பல குடிமக்களுக்கே உரியவை. குடியுரிமை இல்லாதவருக்கு அவற்றால் என்ன பயன்?

யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி.சுப்பிரமணியம் 1970-இல் நியமன உறுப்பினராகவே நாடாளுமன்றம் புகுந்தார். புதிய அரசியலமைப்பில் நியமன இடங்களே இல்லை. இருந்த சிறு வாசலும் அடைபட்டது.

1975 செப்டம்பரில் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. கொல்வினின் பதவியும் போயிற்று. 1978-இல் அந்த அரசியலமைப்பும் போயிற்று. அம்பேத்கரும் 1951-இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்தவர்தான். ஆனால் அவர் கையொப்பமிட்ட சட்டத்தில் வயதுவந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்கு இருந்தது, தீண்டாமை ஒழிப்பு இருந்தது, தனித்தொகுதி இருந்தது. பதவி போன பின்பும் அவை நம்மிடம் நிற்கின்றன.

மலையகத்தில் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்க 2003 வரை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

ஆகவே அரசியலமைப்புத் திருத்தம் பற்றி யார் பேசினாலும் நாம் இரண்டு கேள்விகள் கேட்போம்: எழுதும் அவையில் நம்மவர் எந்த உரிமையில் அமர்ந்திருக்கிறார்? எழுதி முடித்ததும் எவர் குடிமக்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்? அமைச்சர் முற்போக்காளரா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.