தீப்பாம்பு நுழையும் வீடு

கிழக்கு ஸ்லாவிய மக்களான ருஷ்யர், உக்ரைனியர், பெலாரசியர் ஆகியோரின் நாட்டார் நம்பிக்கைகளில் வரும் உருமாறும் தீய சக்திகளுள் ‘ஓக்னென்னி ஸ்மேய்’ எனப்படும் தீப்பாம்பு தனித்து நிற்பதற்குக் காரணம், அது தன் இரையைத் தேர்ந்தெடுக்கும் முறை. காட்டில் நடப்போரை வழிதவறச் செய்யும் லேஷி என்னும் வன ஆவியும், நீரில் இறங்குவோரைப் பிடித்திழுக்கும் வோதியனோய் என்னும் நீர் ஆவியும் தத்தம் எல்லைக்குள் வந்தவரை மட்டுமே தீண்டுபவை. தீப்பாம்போ சாவு விழுந்த வீட்டைத் தானே தேடி வருகிறது. அவ்வீட்டிலும் எவர் அழுகையை அடக்க முடியாமல் தவிக்கிறாரோ அவரையே நாடி, இறந்தவரின் முகத்தோடும் குரலோடும் நடையோடும் அவர் முன் வந்து நிற்கிறது. பெரும்பாலான கதைகளில் அப்படித் தவிப்பவர் கணவனை இழந்த இளம்பெண்.

வட்டாரத்துக்கு வட்டாரம் இதன் பெயர் மாறும். ருஷ்யாவின் பல பகுதிகளில் இது பறப்பவன் என்ற பொருளில் லெத்தூன் எனவும், உக்ரைனில் மயக்குபவன் என்ற பொருளில் பெரெலெஸ்னிக் எனவும் வழங்கியது. 1911இல் உக்ரைனியக் கவிஞர் லெஸ்யா உக்ரைன்கா எழுதிய ‘காட்டின் பாட்டு’ நாடகத்தில் பெரெலெஸ்னிக் ஒரு பாத்திரமாகவே வருகிறான். பெயர்கள் பலவாயினும் வருகை ஒன்றுதான். இரவு வானில் ஒரு தீக்கோளம் பறந்து வந்து, குறிப்பிட்ட ஒரு கூரையின் மேல் பொறிகளாகச் சிதறி, புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கி, தரையைத் தொட்டதும் மனித உருக் கொள்ளும். ஒருவர் உயிர் பிரிய முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும்போது புகைபோக்கியின் அடைப்பைத் திறந்துவிடுவது ருஷ்யக் குடியானவர் வழக்கமாக இருந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்: உயிர் வெளியேறிய அதே வழியில்தான் உயிரின் போலி உள்ளே வருகிறது. வானில் எரிந்து விழும் எரிகற்களைக் கண்டு பிறந்த நம்பிக்கை இது என்று சொல்லிவிடுவது எளிது, அதில் உண்மையும் இருக்கலாம். ஆயினும் எரிகல் ஏன் துக்க வீட்டின் கூரையில் மட்டும் விழுகிறது என்ற கேள்விக்கு வானியலில் விடை கிடைக்காது.

உள்ளே வந்த உருவம் அப்பெண்ணின் கண்ணுக்கு மட்டுமே கணவனாகத் தெரியும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அவள் இருட்டில் தனியாகப் பேசுவதும் சிரிப்பதும் மட்டுமே கேட்கும். அது தின்பண்டங்களும் பரிசுகளும் கொண்டுவரும்; விடிந்து பார்த்தால் அவை குதிரைச் சாணமாகக் கிடக்கும். வந்தது கணவன் அல்ல என்று கண்டுகொள்ளவும் வழிகள் உண்டு. அதற்கு முதுகெலும்பு கிடையாது என்பதால் அணைக்கும்போது கை முதுகைத் தடவிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்பார்கள். இயேசுவின் பெயரையும் தேவமாதாவின் பெயரையும் அதனால் முழுதாக உச்சரிக்க முடியாது, எழுத்தைத் திரித்தே சொல்லும் என்பதும் ஓர் அடையாளம். இவற்றைக் கவனிக்கத் தவறிய பெண், அல்லது கவனித்தும் காணாததுபோல் இருந்துவிட்ட பெண், நாளுக்கு நாள் வெளுத்து மெலிந்து, உணவை மறந்து, அக்கம்பக்கத்தாரைத் தவிர்த்து, இறுதியில் மனம் பேதலித்தோ உயிரை மாய்த்துக்கொண்டோ முடிவாள்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது அவசியம். இறந்தவனே எழுந்து வந்து காதலியை அழைத்துச் செல்லும் கதை ஐரோப்பா எங்கும் உண்டு. ஜெர்மானியக் கவிஞர் பியூர்கர் 1773இல் இயற்றிய ‘லெனோரே’ அதற்குப் புகழ்பெற்ற இலக்கிய வடிவம் தந்தது, 1808இல் ருஷ்யக் கவிஞர் ஷுகோவ்ஸ்கி அதை ‘லுத்மீலா’ என்ற பெயரில் ருஷ்யச் சூழலுக்கு மாற்றி எழுதினார். அக்கதையில் குதிரையேறி வருபவன் இறந்த காதலனேதான். தீப்பாம்பின் கதையிலோ வருவது கணவன் அல்லன், அவன் உருவைத் திருடிய பிறிதொன்று. இந்தச் சிறு மாற்றத்தால் இறந்தவன் மீது எந்தக் களங்கமும் படாமல் போகிறது. அவன் கல்லறையில் அமைதியாக இருக்கிறான், மனைவியை வாட்டுவது அவனுடைய செயல் அல்ல என்று நம்பும் குடும்பம், அவனை வெறுக்காமலும் அஞ்சாமலும் அவளைக் காப்பாற்றப் போராட முடிகிறது. துக்கத்தில் மூழ்கியவளிடம் அவன் நினைவையே பழித்துப் பேசுவதைவிட, நீ காண்பது அவனை அல்ல என்று சொல்வது எவ்வளவு கனிவான வழி என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்து மரபில் இந்தப் பாம்பு துக்கத்தோடு தொடர்பில்லாமலும் தோன்றியதுண்டு. மூரம் நகரத்துப் புனிதர்களான பியோத்தர், ஃபெவ்ரோனியா இருவரும் 1547இல் திருச்சபையால் புனிதர்களாக ஏற்கப்பட்டனர். அவர்களைப் பற்றி எர்மோலாய் எராஸ்ம் என்ற துறவி 16ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றில், இளவரசன் பாவெலின் மனைவியிடம் பறக்கும் பாம்பு ஒன்று அவள் கணவனின் உருவில் வந்துபோகிறது. கணவன் உயிரோடுதான் இருக்கிறான். தம்பி பியோத்தர், அண்ணனை அவன் அறையில் பார்த்துவிட்டு அண்ணியின் அறைக்குப் போக, அங்கும் அண்ணனே அமர்ந்திருக்கக் கண்டு, இது போலி என்று தெளிந்து, அக்ரிக்கின் வாள் எனப்படும் வாளால் வெட்டி வீழ்த்துகிறான். பாம்பு என்ன, அது எதனால் சாகும் என்ற ரகசியத்தை அதனிடமிருந்தே கறந்தவள் அந்தப் பெண். கொன்ற புகழ் மட்டும் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. வாளும் இளவரசனும் அரண்மனைக்கு உரியவை. குடிசையில் தனித்துக் கிடந்தவளுக்கு அந்த வசதி இல்லாததால் நாட்டார் மரபு வேறு ஆயுதங்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தீப்பாம்பு இத்தனை வீடுகளுக்குப் பறந்து வந்ததன் பின்னணியில் ருஷ்ய அரசின் படைச்சேர்ப்பு முறையும் உண்டு. முதலாம் பீட்டர் 1705இல் ஏற்படுத்திய முறையின்படி, ஊரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட குடியானவன் ஆயுள் முழுவதும் சிப்பாய். 1793இல்தான் அது 25 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 1874இல் பொதுப் படைச்சேவைச் சட்டம் வரும்வரை, படைக்குப் போனவன் திரும்புவான் என்று பெரும்பாலான குடும்பங்கள் எதிர்பார்க்கவில்லை. அவனை வழியனுப்பும் நாளில் பிணத்தின் முன் பாடுவது போன்ற ஒப்பாரியே பாடினார்கள். ஒனேகா ஏரிக்கரையின் ஒப்பாரிக் கலைஞர் இரினா ஃபெதோசோவாவிடமிருந்து நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் பார்சோவ் திரட்டிய பெருந்தொகுப்பின் முதல் பகுதி 1872இலும், படைக்குச் செல்வோர்க்கான ஒப்பாரிகள் அடங்கிய இரண்டாம் பகுதி 1882இலும் வெளிவந்தன. அப்படிப் போனவனின் மனைவி ‘சொல்தாத்கா’, அதாவது சிப்பாய் மனைவி, எனப்பட்டாள். அவள் கைம்பெண்ணும் அல்லள், மணவாழ்வில் உள்ளவளும் அல்லள். மாமியார் வீட்டில் அவள் ஒரு கூடுதல் வயிறு. மறுமணமும் அவளுக்கு இல்லை. தீப்பாம்பு இறந்தவனின் மனைவியிடம் மட்டுமன்றி, தொலைவில் இருப்பவனை எண்ணி உருகுபவளிடமும் வரும் என்று கதைகள் சேர்த்துச் சொல்வது இவளை மனத்தில் வைத்துத்தான் போலும்.

துக்கத்துக்கு அம்மரபு வகுத்த வரம்புகளும் இங்கே கவனிக்கத்தக்கவை. சாவுக்குப் பின் 3ஆம், 9ஆம், 40ஆம் நாள்களில் நினைவுச் சடங்கு நடக்கும். அந்நாள்களில் வாய்விட்டு அழுவது உரிமை மட்டுமன்று, கடமையும்கூட. ஆனால் இருட்டிய பிறகு ஒப்பாரி கூடாது. அளவுக்கு மீறி அழுதால் இறந்தவர் கல்லறைக்குள் கண்ணீரில் நனைந்து கிடப்பார் என்று முதியவர்கள் எச்சரிப்பார்கள். இறந்தவர் மேல் ஏக்கம் கவியாமல் இருக்க, கல்லறை மண்ணில் ஒரு சிட்டிகையைச் சட்டைக் கழுத்து வழியாக முதுகில் போட்டுக்கொள்வதும், புதைத்துவிட்டு வீடு திரும்பியதும் அடுப்பின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதும் வழக்கம். இத்தனையும் செய்த பின்னும் ஏக்கம் அடங்காத இடத்தில்தான் தீப்பாம்பு நுழைகிறது. இன்றைய மனநல மருத்துவமும் ஓர் எல்லைக்கோடு போடவே செய்கிறது: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, ஆறு மாதத்துக்கு மேல் தணியாமல் வாழ்க்கையையே முடக்கும் துக்கத்தை ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று தனியாக வகைப்படுத்துகிறது.

பாம்பை விரட்டும் முறைகளுள் கசகசா தூவுவதும், கதவிலும் சன்னலிலும் சிலுவைக்குறி இடுவதும் எல்லாத் தீய சக்திகளுக்கும் பொதுவானவை. தீப்பாம்புக்கென்றே உரிய முறை ஒன்று உண்டு, அதை நின்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் அந்தப் பெண் தலைமயிரை அவிழ்த்துவிட்டு, வாசற்படியில் அமர்ந்து, ஒரு கையால் சீப்பால் வாரிக்கொண்டே மறுகையால் கஞ்சா இனச் செடியின் விதைகளை எடுத்து மெல்ல வேண்டும். நாருக்காகவும் எண்ணெய்க்காகவும் ருஷ்யக் கிராமங்களில் பரவலாகப் பயிரிடப்பட்ட செடி அது, அதன் விதை பல்லில் பட்டால் நொறுங்கும் ஓசை கேட்கும். கணவன் உருவில் வந்து நிற்பது, என்ன தின்கிறாய் என்று கேட்கும். பேன் தின்கிறேன் என்று அவள் சொல்ல வேண்டும். பேனை யாராவது தின்பார்களா என்று அது வியக்கும். செத்தவன் யாராவது நடந்து வருவானா என்று அவள் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியோடு அது அகன்றுவிடும், பின்னர் வராது. கதைக்குக் கதை கேள்வி மாறும்: அண்ணன் தங்கையை மணப்பதாகச் சொல்வாள், அது எங்காவது நடக்குமா என்று அது கேட்க, இறந்தவன் உயிரோடிருப்பவளிடம் வருவது மட்டும் நடக்குமா என்பாள்.

இம்முறையில் மந்திரவாதி இல்லை, பாதிரியார் இல்லை, வாளேந்திய மைத்துனனும் இல்லை. அவன் இறந்துவிட்டான் என்ற சொல்லை உற்றார் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அதனால் பயன் விளையவில்லை. தன் முன்னால் நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தே, தன் வாயாலேயே அவள் அதைச் சொல்லியாக வேண்டும். இதைவிடக் கடினமான ஒன்றைத் துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் கேட்டுவிட முடியாது. அதை அவளால் ஒரே மூச்சில் செய்ய முடியாது என்று அறிந்தே மரபு அவள் கையில் ஒரு சீப்பையும் வாயில் கொஞ்சம் விதையையும் கொடுத்து, முதலில் ஓர் அபத்தமான பொய்யைச் சொல்லவைத்து, அதன் வழியாக உண்மைக்கு அழைத்துச் செல்கிறது. ஏட்டறிவு இல்லாத கிராமத்துப் பெண்கள் உருவாக்கிப் பேணிய இந்த உத்தியின் நுட்பம் போற்றுதலுக்கு உரியது.

இறந்த துணையைக் காண்பது மூடர்களின் பிதற்றல் என்று ஒதுக்குவதும் தவறு. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டேவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் நடத்திய ஆய்வை 1971இல் வெளியிட்டபோது, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்தோ, குரலைக் கேட்டோ, உருவைக் கண்டோ இருந்தது தெரியவந்தது. பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. ருஷ்யக் கிராமத்தில் அது ஆறுதலாக நீடிக்க இடம் கிடைக்கவில்லை. அங்கே கண்டதைச் சொன்னால் உதவி கிடைக்கும், ஆனால் கண்டது பேய் என்ற தீர்ப்பும் சேர்ந்தே கிடைக்கும்.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு கொடிய பக்கமும் இருந்தது. கூரைமேல் பொறி பறந்ததைப் பார்த்தேன் என்று அண்டைவீட்டார் ஒருவர் சொன்னாலே போதும், தனித்திருக்கும் பெண்ணின் இரவுகள் ஊர்ப்பேச்சாகிவிடும். கணவன் இல்லாத வீட்டில் பெண் கருவுற்றால் பாம்பின் பிள்ளை என்றார்கள். அது சில வேளை அவளை ஊராரின் வசையிலிருந்து மறைக்கும் திரையாகவும், சில வேளை அவள் பெற்ற பிள்ளையை மனிதக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளும் காரணமாகவும் ஆனது. அவளைக் காக்கவென்று இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்ட உறவினள், அவளைக் கண்காணிப்பவளாகவும் இருந்தாள். பரிவு எங்கே முடிந்து காவல் எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காட்டும் சான்று பதிவான கதைகளில் அரிது. அவற்றைச் சொன்னவர்கள் பெரும்பாலும் பக்கத்துவீட்டார், பாம்பு வந்துபோன பெண் அல்லள்.

ருஷ்ய நாட்டார் வழக்காற்று அறிஞர் அஃபனாசியெவ் 1865 முதல் 1869 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஸ்லாவியத் தொன்மங்கள் பற்றிய நூலில் தீப்பாம்பை இடி, மின்னலின் உருவகமாகவே விளக்க முயன்றார். அவர் கால அறிஞர்களுக்குப் பிடித்தமான விளக்கம் அது. இந்நம்பிக்கை பழங்காலத்தின் எச்சம், கல்வி பரவினால் மறைந்துவிடும் என்ற எண்ணமும் பின்னர் வலுப்பெற்றது. இரண்டாம் உலகப்போர் அதைப் பொய்யாக்கியது. சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ 2.7 கோடி மக்களை இழந்த அப்போரில், பல லட்சம் குடும்பங்களுக்கு வந்த தாளில் இறந்தார் என்றுகூட எழுதியிருக்கவில்லை, காணாமற்போனார் என்றே எழுதியிருந்தது. புதைக்க உடல் இல்லை, 40ஆம் நாளை எண்ணத் தொடக்க நாள் இல்லை, பல ஊர்களில் தேவாலயமும் மூடிக் கிடந்தது. போரில் கணவனை இழந்தவளின் வீட்டுக்குத் தீப்பாம்பு வந்ததாகச் சொல்லும் கதைகளை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஒலிநாடாக்களில் பதிவு செய்துகொண்டிருந்தனர். நூறாண்டுக்கு முன் சிப்பாய் மனைவி இருந்த அதே நிலையில் இப்போது ஒரு தலைமுறைப் பெண்கள் முழுவதும் இருந்தனர்.

இதே உருமாறும் சக்தி ருமேனியாவுக்குள் செல்லும்போது ஸ்புராதோர் என்ற பெயரோடு, மணமாகாத இளம்பெண்களை நாடும் வேறொரு குணத்தைப் பெறுகிறது; ருமேனியக் கவிஞர் ஹெலியாதெ ரதுலெஸ்கு 1844இல் அதைக் கவிதையாக்கிய வரலாறு அடுத்த பகுதியில்.

(தொடரும்)