ஓசி கார்... ஓசி இல்லை சார்!

சேலம் ஐந்து ரோட்டில் கம்பெனி காரில் வந்து இறங்கும் நண்பரைப் பார்த்து, 'கொடுத்து வெச்சவன்டா!' என்று பெருமூச்சு விடுகிறீர்களா? முதலில் அவர் சம்பளச் சீட்டைப் பாருங்கள்!

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வருவதை வருமான வரிச் சட்டம் சலுகையாகக் கருதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு ஏறினால்? அது சம்பளக் கணக்கு!

2005-ல் ப.சிதம்பரம் கொண்டுவந்த சலுகை வரியைக் கம்பெனியே கட்டியது. 2009-ல் பிரணாப் முகர்ஜி அதை எடுத்துவிட, சுமை மறுபடி ஊழியர் தலையில். அப்போது வந்த விதிப்படி, செலவெல்லாம் கம்பெனியுடையது என்றால், 1.6 லிட்டர் வரையுள்ள காருக்கு மாதம் 1,800 ரூபாய், டிரைவருக்கு 900. ஆக, வருஷத்துக்கு 32,400 ரூபாய் வருமானத்தில் ஏறும். 20 சதவீதக்காரருக்கு 6,480 ரூபாய் அவுட், செஸ் தனி!

இந்த ரேட் அவ்வப்போது மாறும். தப்பிக்கும் வழி பழசுதான்: நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு ஆபீஸ் வேலையாக மட்டுமே ஓடும் கார் என்றால், தேதி, ஊர், கிலோமீட்டர் எழுதிய லாக் புக் கம்பெனியில் இருக்கட்டும். லாரிக்காரர் ஊரில் இதைச் சொல்லியா தரணும்?