விளையாட்டுக் கணக்கும் வீட்டுத் திறப்பும்



எங்கள் புத்தளம் மாவட்டத்துக் கரையோரக் கிராமமாகிய கனமூலையிலே பிள்ளைகள் வெளியிலே கூடிப் பந்தடிக்கும் காலம் முற்றாக மறைந்துவிடவில்லை. ஆயினும் மாலையிலே பந்தடித்த அதே பிள்ளைகள் இரவிலே கைத்தொலைபேசியை ஏந்தி, ஃபிரீ பயர், பப்ஜி முதலிய ஆட்டங்களில் மூழ்கிவிடுகின்றனர். அவ்வாட்டங்கள் நல்லவையோ தீயவையோ என்று ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. ஆடுகின்ற பிள்ளையின் கணக்கு எவ்வாறு களவு போகின்றது, அதனைக் காப்பது எவ்வாறு என்ற இரண்டையுமே கூற விழைகின்றேன்.

வெறும் விளையாட்டுக் கணக்கைத் திருடுவதால் யாருக்கு என்ன இலாபம் என்று பெற்றார் வினவக்கூடும். அக்கணக்கிலே பணம் இருக்கின்றது. வாப்பா வளைகுடா நாட்டிலே வெயிலில் உழைத்து அனுப்பும் ரூபாவிலே ஒரு பங்கு, ஆட்டத்தினுள் வைரங்களாகவும் உடைகளாகவும் ஆயுதங்களாகவும் உருமாறிக் கிடக்கின்றது. திருடியவன் அதனை வேறொருவனுக்கு விற்றுவிடுகின்றான். ஸ்டீம் என்னும் விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதந்தோறும் ஏறக்குறைய 77,000 கணக்குகள் பறிபோவதாக 2015 டிசம்பரிலே தானே அறிவித்தது. அதற்கு முன்னர், 2011 ஏப்ரலில், சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் வலையமைப்பினுள் புகுந்தோரால் சுமார் 7 கோடியே 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் ஆபத்துக்குள்ளாயின.

இக்களவு நடைபெறும் வழிகள் மூன்று. முதலாவது, ஆசை காட்டல். “இலவசமாக வைரம் தருகின்றோம்” என்றொரு இணைப்பு வருகின்றது. அதனைத் தொட்டால் பேஸ்புக் அல்லது கூகுள் போன்றே தோன்றும் ஒரு பக்கம் திறக்கின்றது. பிள்ளை கடவுச்சொல்லை எழுதிய மறுகணமே அது கள்வன் கையைச் சேர்கின்றது. இரண்டாவது, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைத்தல். எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலைக் கொண்டு, கள்வர் ஏனைய தளங்களின் கதவுகளையும் இயந்திரத்தின் துணையுடன் தட்டிப் பார்க்கின்றனர். மூன்றாவது, நட்பு. “உன் தரத்தை உயர்த்தித் தருகிறேன், கணக்கைத் தா” என்று கேட்பவனிடம் பிள்ளை தானே அதனை ஒப்படைத்து விடுகின்றது.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. இவ்வாட்டங்களுக்குள் நுழைவது பெரும்பாலும் பேஸ்புக் அல்லது கூகுள் கணக்கின் வாயிலாகவே. கிராமத்து வீடுகளிலே அந்தக் கூகுள் கணக்கு பல வேளைகளில் உம்மாவினுடையது. குடும்பப் படங்கள், தொடர்பு எண்கள், மின்னஞ்சலுக்கு வரும் வங்கி அறிவித்தல்கள் யாவும் அதனுள்ளேயே இருக்கும். பிள்ளை இழப்பது விளையாட்டுப் பொருளை மாத்திரமன்று. வீட்டுத் திறப்பையே அந்நியனிடம் கொடுத்துவிடுகின்றது.

இனி, காக்கும் வழிகளைப் பார்ப்போம். கணினிக்குக் கடவுச்சொல் இடும் வழக்கம் 1961ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே தோன்றியது. மறு ஆண்டே அங்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒருவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். தனிப் பூட்டு ஒன்று போதாது என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது.

ஆதலின் இரண்டு பூட்டுக்கள் வேண்டும். முதற் பூட்டு, நீண்ட கடவுச்சொல். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைக் கோத்தால், நினைவிலே நிற்கும். பிறர் ஊகித்தல் அரிது. பெயரும் பிறந்த ஆண்டும் கூடாது. ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு சொல் வேண்டும். மறந்துவிடுமெனில் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியிலே பூட்டி வைத்தல் குற்றமன்று. இரண்டாவது பூட்டு, இருபடிச் சரிபார்ப்பு. கூகுள், பேஸ்புக் இரண்டிலும் இவ்வசதி இலவசமாகவே உண்டு. புதிய கருவியிலிருந்து நுழைய முயல்வோரிடம் அது இன்னொரு குறியீட்டைக் கேட்கும். அக்குறியீட்டை யார் கேட்டாலும், ஆட்ட நிறுவனத்தின் ஊழியர் என்று சொன்னாலும், கொடுத்தலாகாது. கைவிட்ட சிம் அட்டையின் எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுதலும் அவசியம். அவ்வெண் நாளை வேறொருவருக்கு வழங்கப்படலாம்.

மற்றுமொன்று. ஃபிரீ பயர், பப்ஜி ஆகியவற்றுக்கு வைரமோ காசோ நிரப்புவதற்கு ஆட்டக்காரரின் அடையாள எண் மாத்திரமே போதும். நிரப்பித் தருவதாகக் கூறிக் கடவுச்சொல்லையும் கேட்பவரிடமிருந்து விலகிச் செல்க.

இத்தனைக்குப் பின்னும் கணக்குப் பறிபோகுமாயின், முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, மற்றைக் கருவிகள் யாவற்றிலிருந்தும் வெளியேறுதல் வேண்டும். அடுத்து, பணம் செலுத்திய பற்றுச்சீட்டுக்களுடன் ஆட்ட நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதலாம். மிரட்டல் வருமெனில் அச்செய்திகளை அழியாது வைத்துக்கொண்டு பொலிஸாரிடம் முறையிடுக. செர்ட் எனச் சுருக்கமாக வழங்கும், 2006இல் நிறுவப்பட்ட தேசிய அமைப்பும் ஆலோசனை தரும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையின்றிப் பிறருடைய கணினியினுள் நுழைவதே தண்டனைக்குரியது. “விளையாட்டுக்காகச் செய்தேன்” என்று நண்பனின் கணக்கைத் திறக்கும் பிள்ளையும் இதனை அறிந்திருத்தல் நன்று.

பெற்றாருக்கு ஒரு வேண்டுகோள். கணக்கை இழந்த பிள்ளை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஏச்சுக்கும் அடிக்கும் அஞ்சி, திருடியவனோடு தானே பேரம் பேச முனைகின்றது. அவன் கேட்பதையெல்லாம் இரகசியமாகக் கொடுக்கின்றது. முதல் மணித்தியாலத்திலேயே சொல்லியிருந்தால் மீட்டிருக்கக்கூடிய கணக்கு, இவ்வாறு பல நாட்கள் சென்று கைவிட்டுப் போகின்றது. ஆகவே, “என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்” என்று இன்றிரவே பிள்ளையை அருகில் அழைத்துக் கூறுங்கள். பின்பு இருவருமாக அமர்ந்து, அந்த இரண்டாவது பூட்டைப் போட்டுவிடுங்கள். பத்து நிமிடத்து வேலைதான்.