கண்மாய்ச் சேறும் கடலடிப் பவளமும்

நுண்ணுயிரிகள் பாடம் வந்தால் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'நன்மை செய்பவை', மறுபக்கம் 'தீமை செய்பவை' என்று எழுதுவது நமக்கெல்லாம் பழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் பவளப்பாறைகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படித்தபோது, அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

மகாராஜபுரத்துப் பிள்ளைகளுக்குப் பவளம் எதற்கு என்று கேட்கலாம். வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர் மலையடிவார ஓடைகளில் நல்ல மழைக்கு ஓடும் நீர் அர்ச்சுனா நதி வழியாக வைப்பாற்றில் சேர்கிறது. வைப்பாறு சாத்தூர், விளாத்திகுளம் பக்கமாகப் போய் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986இல் அது கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆனது. நம் ஊர் ஓடையின் கடைமடை அதுதான்.

பவளம் கல் அல்ல, விலங்கு. சிறு பாலிப்புகள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் திசுவுக்குள் இருக்கும் நுண்பாசி உணவு தயாரித்துத் தருகிறது. மேலே சளி போன்ற ஒரு படலம். அதில் வாழும் பாக்டீரியாக்களில் பல, வெளியிலிருந்து வரும் கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன. ஆக, நலமாக இருக்கும் பவளமும் நுண்ணுயிரிகள் நிறைந்ததுதான்.

இனி கரும்பட்டை நோயைப் பார்ப்போம். 1970களில் கரீபியன் கடலில் முதலில் விவரிக்கப்பட்ட இது, நம் மன்னார் வளைகுடாவிலும் பதிவாகியுள்ளது. பவளத்தின் மேல் ஒரு கரிய வளையம் தோன்றி மெல்ல நகரும். அது கடந்துபோன இடத்தில் திசு இருக்காது, வெள்ளைக் கூடுதான் மிஞ்சும். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் நகரும். சில சமயம் 1 செ.மீ. வரைகூட. குன்றுபோல் வளரும் பவளம் அந்த 1 செ.மீ. வளர ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும்.

அந்தப் பட்டைக்குள் இருப்பது ஒரே கிருமி அல்ல. மேலே ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா. அடியில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடும் பாக்டீரியா. அந்த சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்து வாழும் வேறொரு கூட்டமும் உண்டு. ஆக்சிஜன் இல்லாமலும் சல்பைடு நஞ்சாலும் திசு மடிகிறது. இந்த மூன்று கூட்டங்களின் உறவினர்களும் நம் கண்மாய்ச் சேற்றில் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் யாருக்கும் நோய் தருவதில்லை. மட்கியதைச் சிதைத்து, கந்தகத்தைச் சுழற்சியில் வைத்திருக்கிறார்கள்.

இதை வகுப்பிலேயே காட்டலாம். நிறமற்ற 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மேல் கண்மாய்ச் சேறு. அதில் கிழித்த செய்தித்தாள் ஒரு கைப்பிடி, அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஒரு கரண்டி கலந்து, மேலே கண்மாய் நீர் ஊற்றி, மூடியை இறுக்காமல் சன்னல் ஓரம் வைத்துவிடுங்கள். சில வாரங்களில் மேலே பச்சையும் கீழே கருப்பும் அடுக்கடுக்காகத் தெரியும். ரஷ்ய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கி 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டிய முறை இது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பாட்டிலில் கருப்பு, இரும்பு சல்பைடின் நிறம், பவளத்தில் கருப்பு, சயனோபாக்டீரியாவின் நிறமி. அழுகிய முட்டை வாடை வரும், முகத்தருகே வைத்து முகரவிடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சேற்றில் சும்மா இருப்பவர்கள் பவளத்தில் ஏன் நோயாகிறார்கள்? சூடு ஒரு காரணம். விப்ரியோ கோரல்லிலிட்டிகஸ் என்ற பாக்டீரியா குளிர்ந்த நீரில் பவளத்தை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது திசுவைக் கரைக்கத் தொடங்குகிறது. அதே சூட்டில் பவளம் தன் நுண்பாசியை இழந்து வெளுத்து, வலுவிழந்து நிற்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் அப்படி வெளுத்தது.

இன்னொரு காரணம் நாம் கழித்துவிடுவது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் கொம்புபோல் கிளைக்கும் ஒரு பவளத்தில் வெள்ளைத் திட்டுகள் பரவின. காரணம் செரேசியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா என்று 2002இல் கண்டார்கள். மனிதக் கழிவுநீரில் இருந்த அதே வகையே நோயைத் தருகிறது என்பது 2011இல் சோதனையில் உறுதியானது. மனிதனிடமிருந்து பவளத்துக்கு நோய்!

நம் பக்கம் 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் கடல் பச்சையானது. நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரி பெருகி, நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்தன, பவளங்களும் மடிந்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கடலுக்குள் இறங்கி இதைப் பதிவு செய்தார்கள். இது தொற்று அல்ல. ஆனாலும் ஒரு நுண்ணுயிரி அளவு மீறியதன் விளைவுதான்.

வைப்பாற்று நீரால்தான் பவளம் நோயுற்றது என்று நான் சொல்லவில்லை. கடலுக்குப் போகும் கழிவு வழியில் எங்கே வடிகட்டப்படுகிறது என்பதை மாணவர்கள் யோசிக்கட்டும். இந்தோனேசியத் தீவுகளில் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. கடல்புல் வளர்ந்த இடங்களில் கழிவுநீர்க் கிருமிகள் பாதியாகக் குறைந்திருந்தன. அருகிலிருந்த பவளங்களில் நோயும் பாதிதான். மண்டபம் கரையில் காலடியில் மிதிபடுகிறதே, அந்தக் கடல்புல்தான்.