இரண்டாவது சாவி எங்கே?

பீரோ சாவி எங்கே, பேங்க் லாக்கர் சாவி எங்கே, மொட்டை மாடிக் கதவுச் சாவி எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் சொல்லி விடுவோம். ஆனால், வாசலில் நிற்கும் காருக்கு மொத்தம் எத்தனை சாவி, இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டால், 'அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்' என்போம். கார் விஷயம் ஆண்கள் சமாசாரம் என்று ஒதுங்கி இருப்பது சரியில்லை சகோதரிகளே! சாவி தொலைந்தால், அலைச்சல் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது செகண்ட் ஹேண்ட் கார். மாமனாருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அதற்காகவே, 2021-ல் கடன் வாங்கி எடுத்த வண்டி. விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். "இன்னொண்ணு வீட்லதான் எங்கேயோ இருக்கு, தேடித் தரேன்" என்றார். நானும் மாதத்துக்கு ஒரு தடவை என் கணவருக்கு ஞாபகப்படுத்துவேன். "வண்டி ஓடுதில்ல... அப்புறம் என்ன?" என்பார். கடைசி வரை அந்தச் சாவி வரவே இல்லை.

2023 ஆடிப்பெருக்கு அன்று, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில், மாமியாரைக் கைபிடித்து இறக்கும்போது, என் கணவரின் சட்டைப் பையில் இருந்த சாவி தண்ணீரில் விழுந்து விட்டது. காவிரியில் விழுந்ததை எங்கே போய்த் தேடுவது? கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. மறுநாள் காலை மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

டூப்ளிகேட் சாவி போடும் பாய் ஒருவரை அழைத்து வந்தோம். கெட்டிக்காரர். கதவுப் பூட்டைப் பார்த்தே ஒரு மணி நேரத்தில் சாவி செய்து விட்டார். கதவு திறந்தது. ஸ்டியரிங் பூட்டும் விட்டது. எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால், சாவியைத் திருகினால் இன்ஜின் 'உர்' என்று எழும்பி, அடுத்த நொடியே நின்று விட்டது. மறுபடி, மறுபடி அதேதான். முன்னால், சாவி படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று கண் சிமிட்டிக் கொண்டே இருந்தது.

"இரும்பை வெட்டித் தர்றது என் வேலை தங்கச்சி. ஆனா, பழைய சாவிக்குள்ளே ஒரு சிப் இருந்திருக்கும். அது இல்லாம வண்டி நகராது" என்றார் பாய். அப்புறம் அவர் பொறுமையாக விளக்கியது இதுதான்:

ரேஷன் கடைக்குக் கார்டை மட்டும் கொண்டு போனால் போதாது. கைரேகையும் ஒத்துப் போக வேண்டும் இல்லையா? கார் சாவியும் அப்படித்தான். இரும்புப் பகுதி கார்டு மாதிரி. பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் அரிசி அளவு சிப், கைரேகை மாதிரி. சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருகியதும், அந்தச் சுருள்தான் சிப்புக்குச் சக்தி கொடுக்கிறது. உடனே சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்கிறது. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்க்கிறது. ஒத்துப் போனால்தான் இன்ஜின் ஓடும். இதற்கு 'இம்மொபிலைசர்' என்று பெயர். இந்தச் சிப்புக்கு பேட்டரி வேண்டாம். சாவியில் நாம் மாற்றும் வட்ட பேட்டரி, கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட்டுக்குத்தான்.

கள்ளச் சாவி போட்டுக் காரைத் திருடுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஐரோப்பிய நாடுகளில், 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கி விட்டார்கள். நம் ஊரில் இப்போது வரும் கார்களிலும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. திருடனைத் தடுக்கிற அந்தப் பூட்டு, சாவி தொலைந்தால் சொந்தக்காரரையும் தடுத்து விடுகிறது!

அதன் பிறகு நாங்கள் பட்டது கொஞ்ச நஞ்சமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினோம். ஆர்.சி., ஆதார் நகல்களோடு ஷோரூமில் விண்ணப்பித்தோம். சாவி வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். காரை லாரியில் ஏற்றித்தான் ஷோரூமுக்குக் கொண்டு போக முடிந்தது. ஏனென்றால், புதுச் சாவியின் எண்ணைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால்தான் ஓடும். 11 நாள் ஆனது. எல்லாம் சேர்த்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. டயாலிசிஸ் முடிந்ததும் மாமனாருக்குத் தலை சுற்றும். காரின் பின் சீட்டில் சாய்ந்தபடி வருவார். அந்த 11 நாளும் ஆட்டோவில், ஒவ்வொரு குழிக்கும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டபடி வந்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்து விட்டது.

இதில் நான் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம் ஒன்று. கையில் ஒரு சாவி இருக்கும்போதே இன்னொன்று செய்வது சுலபம். காரை நாமே ஓட்டிக்கொண்டு போய், பதிவு செய்து வந்து விடலாம். எல்லாச் சாவியும் போன பிறகு செய்வதுதான் வீண் செலவும், காத்திருப்பும். எனவே தோழிகளே, இவற்றைக் கவனியுங்கள்:

* பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், புதுச் சாவிக்கு ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

* கார் திருட்டுப் போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று இல்லை என்றால் கேள்வி மேல் கேள்விதான். சாவி தொலைந்தபோது வாங்கிய போலீஸ் ரசீதை ஆர்.சி.யோடு பத்திரப்படுத்துங்கள்.

* சாவி யார் கையிலாவது கிடைத்திருக்கும் என்று சந்தேகமா? பழைய சாவியின் பதிவை அழித்து விடச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் சாவியால் இன்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனால், கதவைத் திறக்கும். அதனால் காரில் பணம், பத்திரம் வைக்காதீர்கள்.

* புதுக் காரோடு, சாவி எண் பொறித்த சின்னத் தகடு தருவார்கள். அந்த எண் இருந்தால் சாவி வெட்டுவது சுலபம். தகட்டை பீரோவில் வையுங்கள், காருக்குள் வேண்டாம்.

* வெளியில் இருக்கும் சில சாவிக்காரர்களும் மெஷின் வைத்து சிப்பைப் பதிவு செய்து தருகிறார்கள். ஆர்.சி.யைக் காட்டச் சொல்பவரிடமே கொடுங்கள். எதுவும் கேட்காமல் நமக்குச் செய்து தருபவர், திருடனுக்கும் செய்து தருவார்!

* இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது, சாவி தொலைந்தால் பணம் தரும் கூடுதல் பாலிசி உண்டா என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் உண்டு.

* பட்டனை அழுத்திக் கிளப்பும் காரா? சாவியில் பேட்டரி தீர்ந்தாலும் பயப்பட வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், கதவைத் திறக்கலாம். சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தால், பெரும்பாலான கார்கள் கிளம்பி விடும். இந்த வகைச் சாவியை வாசல் கதவை ஒட்டித் தொங்க விடாதீர்கள். 2017-ல், இங்கிலாந்தில் சோலிஹல் என்ற ஊரில், வீட்டுக்குள் இருந்த சாவியின் சிக்னலை வெளியிலிருந்தே ஒரு கருவியால் இழுத்து, காரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். போலீசாரே அந்தக் கேமரா படத்தை வெளியிட்டார்கள்.

இப்போது எங்கள் காருக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று என் பொறுப்பில். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால், சாவியைக் காப்பாற்ற டிரைவிங் லைசென்ஸ் வேண்டாமே! இன்று சாயந்திரம் அவர் வந்ததும், காபியைக் கையில் கொடுத்து விட்டு, "இரண்டாவது சாவி எங்கேங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

- ஓர் இல்லத்தரசி, திருச்சி.